வல்லம் கொல்லையில் வெண்ணெய்ப்பழம்

"எங்கள் கேணி மேட்டில் ஏழு வருஷத்து வெண்ணெய்ப்பழ மரம் ஒன்று இருக்கிறது. இரண்டு வருஷமாகக் காய்க்கிறது. இந்த வருஷம் காயில் வெளிறிய திட்டு விழுகிறது. இலை நுனியும் கருகுகிறது. வெயில் என்கிறார்கள் சிலர். செல்போனில் பார்த்துவிட்டு வைரஸ் என்கிறான் என் மகன். என்ன மருந்து அடிப்பது?"

கேள்வி-பதில் பகுதிக்கு வல்லத்திலிருந்து வந்திருந்த கேள்வி இது. நான்கு வரியில் பதில் எழுதி அனுப்பியிருப்பேன். ஆனால் கடைசியில் இன்னொரு வரி இருந்தது: "ஆடியில் அரைக் காணியில் 80 ஒட்டுக்கன்று வைக்கப்போகிறோம். முன்பணம் கொடுத்தாகிவிட்டது." அதைப் படித்ததும் பேனாவை மூடிவிட்டுத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினேன்.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கும் வல்லம் வட்டாரம் எனக்குப் புதிதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சைக்கிளில் சுற்றியிருக்கிறேன். சவுக்குத் தோப்பு, நடுநடுவே பனை, கரும்பு, ஏரிப் பாசனக் கழனி, மேட்டுக் கொல்லைகளில் மணிலா. நிலக்கடலை என்று நாம் அச்சில் எழுதுவதை இங்கே மணிலா என்றும் மல்லாட்டை என்றும்தான் சொல்வார்கள். டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று ஊரெல்லாம் விதைக்கிற ரகங்களின் பெயரில் உள்ள டி.எம்.வி., திண்டிவனத்தைக் குறிக்கிறது என்பது இங்கே பலருக்கே தெரியாது. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகங்கள் அவை. அப்பேர்ப்பட்ட மணிலா மண்ணில் வெண்ணெய்ப்பழமா என்று பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. மேல்சித்தாமூர் ஜைன மடத்துக்குப் போகும் குடும்பம் ஒன்று பக்கத்து இருக்கையில். அவர்கள் பையிலும் இரண்டு வெண்ணெய்ப்பழம்! சென்னையில் வாங்கியதாம், குழந்தைக்கு நல்லது என்றார்கள். எரிச்சலை அடக்கிக்கொண்டேன்.

கேள்வி கேட்ட அண்ணனுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். "இவ்ளோ தூரம் நேராவே வந்துட்டீங்களே சார்" என்று கூச்சப்பட்டார். வீட்டம்மா கேழ்வரகுக் கூழும் மோர்மிளகாயும் கொடுத்தார். குடித்துவிட்டுக் கொல்லைக்குப் போனோம்.

மரம் நன்றாகவே இருந்தது. கொடைக்கானல் சுற்றுலா போனபோது வாங்கித் தின்ற பழத்தின் கொட்டையைப் போட்டு முளைக்கவைத்ததாம். கேணிக்குக் கிழக்கே, இரண்டு தென்னையின் நிழலில் நின்றதால் இந்த வெக்கையிலும் பிழைத்திருக்கிறது. காய்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேற்கு வெயில் நேராக விழுகிற காய்களில் மட்டும், வெயிலைப் பார்த்த பக்கம் மட்டும் மஞ்சளாகி நடுவில் பழுப்பேறியிருந்தது. நிழலில் தொங்கிய காய் ஒன்றில்கூடத் திட்டு இல்லை. இளங்கிளைகள் பச்சையாக, கோடு எதுவும் இல்லாமல் இருந்தன. இலையில் நுனியிலிருந்து உள்நோக்கி ஒரே சீராகக் கருகல். கேணித் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது. கோடையில் தண்ணீர் கீழே போகப்போக உப்பு ஏறும். வெண்ணெய்ப்பழ மரம் உப்பைச் சற்றும் தாங்காது.

"வெயில்தான் அண்ணே. கூடவே தண்ணி உப்பு" என்றேன்.

"அப்போ வைரஸ் இல்லியே?" என்றான் மகன், கொஞ்சம் ஏமாந்தவனைப்போல. சென்னையில் வேலை பார்க்கிறான். கன்று வைக்கும் யோசனை அவனுடையது.

அவன் செல்போனில் பார்த்த நோய் உண்மையில் உள்ளதுதான். அதைப் பார்த்து அமெரிக்காவில் கலிபோர்னியா விவசாயிகளும் முதலில் வெயில் என்றுதான் நினைத்தார்கள். 1920களில் அங்கே சில தோட்டங்களில் காய்களில் மஞ்சள் வரி விழுந்தது. 1928இல் அதைப் பற்றி எழுதியவர்கூட வெயில் சூடு என்றே கருதினார். அதனால்தான் அந்த நோய்க்கு வெயில்திட்டு என்று பொருள்படும் சன்பிளாட்ச் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சில வருஷங்களிலேயே ஹார்ன், பார்க்கர் என்ற இருவர், நோய்ப்பட்ட மரத்தின் குச்சியை நல்ல மரத்தில் ஒட்டினால் நல்ல மரத்துக்கும் வருகிறது என்று காட்டினார்கள். வெயில் சூடு ஒட்டுக் கட்டினால் தொற்றுமா? ஆகவே உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. அது என்ன என்று பிடிபட இன்னும் ஐம்பது வருஷம் ஆயிற்று.

அது பூஞ்சை இல்லை, பாக்டீரியா இல்லை, வைரஸ்கூட இல்லை. வைராய்டு என்பார்கள். 1971இல் டீனர் என்ற அமெரிக்க விஞ்ஞானி உருளைக்கிழங்கு நோய் ஒன்றில் இந்த வகையை முதன்முதலில் அடையாளம் கண்டார். வைரஸுக்கு மேலே ஒரு புரதச் சட்டை இருக்கும், இதற்கு அதுவும் கிடையாது. வளையமாகச் சுருண்ட வெறும் ஆர்.என்.ஏ. இழை. கொரோனா வைரஸின் மரபுக் குறிப்பு சுமார் 30,000 எழுத்து நீளம். வெண்ணெய்ப்பழ வைராய்டுக்கு 247 எழுத்துதான். இந்த ஒரு பத்தியில் உள்ள எழுத்துகளைவிடக் குறைவு. அவ்வளவு சின்னதாக இருந்துகொண்டு, இலையில் பச்சையம் இருக்கும் இடத்துக்குள் புகுந்து தன்னைத் தானே படியெடுத்துக்கொள்கிறது.

நோய் வெளியே தெரிகிற மரத்தை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. காய்க்காம்புப் பக்கமிருந்து இறங்கும் மஞ்சள் அல்லது வெள்ளை வரி, தொட்டால் சற்றுப் பள்ளமாக இருக்கும். சில ரகங்களில் சிவப்பாகவும் இருக்கும். நிழலில் உள்ள காயிலும் வரும், அதுதான் வெயில் திட்டுக்கும் இதற்கும் முக்கிய வித்தியாசம். பச்சைக் குச்சியில் நீளவாக்கில் மஞ்சள் கோடு. சில இலைகள் வெளுத்துக் கோணிக்கொள்ளும். வயதான மரத்தில் பட்டை கட்டம் கட்டமாக முதலைத்தோல்போல வெடிக்கும். மரம் உயராமல் கீழ்க்கிளைகள் தரையோடு படரும்.

அந்த மரத்தைப் பார்த்தால் நீங்களே பயந்து வெட்டிவிடுவீர்கள். எனக்குப் பயம் வேறொரு மரத்தைப் பற்றி. நோய்ப்பட்ட மரத்திலேயே சில சமயம் ஒரு கிளை தெளிந்து, பச்சைப்பசேல் என்று தழைக்கும். மரம் தேறிவிட்டது என்று தோன்றும். வைராய்டு உள்ளேயே இருக்கும், குறி மட்டும் மறைந்திருக்கும். முழு மரமே இப்படிக் குறியில்லாமல் வருஷக்கணக்கில் நிற்பதும் உண்டு. விளைச்சல் குறையும், காரணம் தெரியாது. நோய்க்குறி தெரிகிற மரத்தின் கொட்டையைப் போட்டால் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான கன்றுகளில்தான் நோய் இறங்குகிறது. குறியே இல்லாமல் நோயைச் சுமக்கும் மரத்தின் கொட்டையைப் போட்டாலோ, ஏறக்குறைய எல்லாக் கன்றும் நோயோடு பிறக்கிறது. இது கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும், ஆனால் சோதித்துப் பார்த்த உண்மை. ஒட்டுக்குச்சி எடுக்கப் போகிறவர் எந்தக் கிளையைத் தேர்ந்தெடுப்பார்? வரி விழுந்த கிளையையா, தழைத்த கிளையையா? கொட்டை பொறுக்குகிறவர் யாருடைய மரத்தடிக்குப் போவார்?

கொடைக்கானல் கீழ்மலையில் நான் பார்த்த காட்சி இதனால்தான் மனதை விட்டுப் போகவில்லை. சில வருஷங்களுக்கு முன் தாண்டிக்குடி மலைப்பாதையில் தடியன்குடிசைக்குப் போயிருந்தேன். வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அங்கே ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டி.கே.டி. 1 என்ற வெண்ணெய்ப்பழ ரகம் அங்கிருந்து வந்ததுதான். வழியெல்லாம் காப்பித் தோட்டம், அதற்கு நிழலாக சில்வர் ஓக், மிளகுக்கொடி, நடுவில் வெண்ணெய்ப்பழ மரங்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை வழியாக நம் மலைகளுக்கு வந்த மரம் இது. அங்கே பெரும்பாலும் கொட்டை போட்டு வளர்த்தவை. அதனால் ஒரு மரத்துக் காய்போல இன்னொன்று இருக்காது, சிலது உருண்டை, சிலது சுரைக்காய் கழுத்து. நல்ல மரம் என்று பெயர் எடுத்த ஒன்றின் அடியில் ஒருவர் சாக்கில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். சமவெளி நர்சரிகளுக்குப் போகிறதாம், வேர்க்கன்றுக்கு. அந்த மரத்தில் நோய் இருந்தது என்று நான் சொல்லவில்லை. இருந்திருந்தால் அந்தச் சாக்கு எத்தனை ஊருக்குப் போயிருக்கும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒட்டுக்கன்று என்றால் இரண்டு தாய் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேலே ஒட்டும் குச்சிக்கு ஒரு தாய், கீழே வேர் கொடுக்கும் கொட்டைக்கு ஒரு தாய். இரண்டில் எது நோயாளியானாலும் கன்று நோயாளி. குச்சி தந்த மரத்தைச் சோதித்தோம் என்று சொல்கிற நர்சரிக்காரரிடம், கொட்டை எங்கே வாங்கினீர்கள் என்றும் கேட்கவேண்டும்.

அடுத்த வழி கத்தி. ஒரு மரத்தைக் கவாத்து செய்த அரிவாளில் ஒட்டிய சாற்றோடு இன்னொரு மரத்தைத் தொட்டால் போதும். ஸ்பிரிட்டில் துடைப்பதும், கத்தியை நெருப்பில் காட்டுவதும் நம் ஒட்டுக்காரர்களின் பழக்கம். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் அது சரி, வைராய்டுக்கு அதை நம்பக்கூடாது. 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து, ஒவ்வொரு மரத்துக்கும் நடுவில் கத்தியை அதில் முக்கி எடுக்கவேண்டும். பழைய கரைசல் வீரியம் இழந்துவிடும், அன்றன்றைக்குக் கலக்குங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வேறு எந்த மருந்தோடும் அமிலத்தோடும் சேர்க்காதீர்கள். கத்தி துருப்பிடிக்கும், வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் தடவினால் போகிறது. இரண்டு கத்தி வைத்துக்கொண்டால் ஒன்று ஊறும்போது மற்றதில் வேலை ஓடும்.

மண்ணுக்கடியிலும் ஒரு வழி இருக்கிறது. நெருக்கமாக வைத்த மரங்களின் வேர்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஒட்டிக்கொள்ளும், அதன் வழியாகப் பக்கத்து மரத்துக்குப் போகும். நோய் மரத்தை வெட்டினால் அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மகரந்தம் பற்றி மகன் கேட்டான். வெண்ணெய்ப்பழப் பூ வேடிக்கையானது. ஒரே பூ ஒரு முறை பெண்ணாக விரிந்து மூடிக்கொள்ளும், மறுநாள் ஆணாக விரியும். சில ரகம் காலையில் பெண், சில ரகம் மாலையில் பெண். இரண்டு வகையும் அருகருகே இருந்தால் காய்ப்பிடிப்பு நன்றாக இருக்கும், தேனீ இருந்தால் இன்னும் நல்லது. நோய் மரத்து மகரந்தம் வந்து விழுந்தால், அந்தக் காயின் கொட்டைக்கு நோய் போகலாம், நூற்றில் ஒன்றிலிருந்து நான்கு வரை. காய்க்கிற மரத்துக்குள் இறங்காது. ஆகவே தேனீயை விரட்டவேண்டாம். எந்தப் பூச்சியும் இதைக் கடித்துப் பரப்புவதாக நிறுவப்படவில்லை, பூச்சிமருந்து அடிப்பது காசுக்குக் கேடு. மாவுக்கும் கொய்யாவுக்கும் மணிலாவுக்கும் இது வராது. வெண்ணெய்ப்பழத்தின் சொந்தக்கார மரமான இலவங்கப்பட்டைக்குச் சோதனையில் தொற்றியிருக்கிறது, அது வல்லத்தில் யாரிடமும் இல்லை.

"மருந்து?" என்றார் அண்ணன். எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் அதுதான்.

"இல்ல அண்ணே. உலகத்துல எங்கயும் இல்ல."

நோய் வந்த மரத்தைக் காப்பாற்ற வழியில்லாததால்தான் கலிபோர்னியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா எல்லாம் தாய்மரத்தைச் சோதித்துப் பதிவு செய்யும் முறைக்கு வந்தன. சோதனையும் லேசானதில்லை. மரத்துக்குள் வைராய்டு சமமாகப் பரவியிருக்காது. ஒரு கிளையில் இருக்கும், அடுத்த கிளையில் இருக்காது. பல கிளைகளிலிருந்து இலை எடுத்து, ஒரு முறைக்கு மேல் பி.சி.ஆர். சோதனை செய்யவேண்டும். மெக்சிகோ, பெரு, இஸ்ரேல், ஸ்பெயின் என்று வெண்ணெய்ப்பழம் அதிகம் விளையும் பல நாடுகளில் இந்த நோய் பதிவாகியிருக்கிறது. வெளிநாட்டுக் கன்று, வெளிநாட்டுக் குச்சி என்றால் 2003ஆம் வருஷத்துப் பயிர்த் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி அனுமதி வாங்கி, சோதனைக்கு உட்படுத்தித்தான் கொண்டுவர முடியும். பெட்டிக்குள் துணிக்கு நடுவே நாலு குச்சி வைத்துக் கொண்டுவந்தேன் என்று பெருமையாகச் சொல்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். இது என்ன விளையாட்டு என்று ஆத்திரம் வரும். பிலிப்பைன்ஸில் காடாங்-காடாங் என்ற நோயில் 3 கோடிக்கும் மேல் தென்னை செத்தது. அதுவும் ஒரு வைராய்டுதான், இதே அளவு சின்னது. கேணி மேட்டுத் தென்னை இரண்டையும் அண்ணன் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

"சார், எங்களுக்கு ஏன் இவ்ளோ சொல்றீங்க? எண்பது கன்னுதானே?" என்று மகன் கேட்டான். குற்றம் சொல்லும் குரலில் இல்லை, உண்மையாகவே கேட்டான்.

அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், இந்த வட்டாரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு ஊரில் கரும்பு நடவுக்குக் கரணை தேவைப்பட்டது. பக்கத்து ஊர் வயல் ஒன்று கருகருவென்று ஆள் உயரத்துக்கு நின்றது. நான்தான் கைகாட்டினேன், அந்த வயலில் வெட்டுங்கள் என்று. ஒன்பது விவசாயிகள் வாங்கினார்கள். முதல் பயிர் நன்றாகவே வந்தது, எனக்கு மாலைகூடப் போட்டார்கள். மறுதாம்பில் தூருக்குத் தூர் புல் மாதிரி வெளிறிப்போய், கரும்பே கட்டாமல் நின்றது. கரணைக்குள் ஒளிந்து வந்த நோய். வயலின் செழிப்பைப் பார்த்தேன், விதையைச் சோதித்ததா என்று கேட்கவில்லை. ஒன்பது பேரில் ஒருவர் மறுவருஷம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஊரைவிட்டுப் போனார். மற்றவர்கள் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. கரும்பாவது உழுது போட்டு வேறு வைக்கலாம். மரப்பயிரில் தவறு தெரியவே ஐந்து வருஷம் ஆகும்.

சாயங்காலம் மகன் என்னைப் பைக்கில் செஞ்சியில் விட வந்தான். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்த ஒரே கோட்டை இதுதான். பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் உள்ளே போனோம். ராஜகிரி உச்சிக்கு ஏற என் முழங்கால் இடம் தரவில்லை. கல்யாண மகாலைப் பார்த்துவிட்டு நெற்களஞ்சியத்தின் தடித்த சுவர் ஓரமாக உட்கார்ந்தோம். முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டுக் கிடந்த கோட்டை. அத்தனை வருஷம் உள்ளே இருந்தவர்கள் எதைத் தின்றார்கள், மறுபோகத்துக்கு விதையை எங்கே வைத்தார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு யோசனை ஓடும். சரித்திரப் புத்தகங்களில் குதிரைக் கணக்கு கிடைக்கும், விதைநெல் கணக்கு கிடைக்காது.

அங்கே இருந்தபடியே மகன் நர்சரிக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தான். நான் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டான்: குச்சி எடுத்த தாய்மரம் எங்கே இருக்கிறது, வந்து பார்க்கலாமா, வேருக்குப் போட்ட கொட்டை யாருடைய மரத்தினுடையது, சோதனைத் தாள் ஏதாவது உண்டா?

"எல்லாம் நல்ல மரம்ங்க. கேரண்டி" என்றது மறுமுனை.

"பார்க்க வரலாங்களா?"

"அது வேற ஸ்டேட்டுங்க. எங்களுக்கே ஏஜெண்டு கொண்டாந்து குடுக்கிறதுதான்."

முன்பணம் 6,000 ரூபாய் திரும்பக் கிடைக்காது என்பதையும் அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். போனை வைத்தபின் மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அப்பாவைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தான். "நீங்களே சொல்லுங்க சார், நான் சொன்னா கத்துவாரு."

அண்ணன் கத்தவில்லை. "ஆறாயிரம் போனா போவுது. கொல்ல போவலியே" என்றார். பத்துக் கன்று மட்டும் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். தென்னை நிழல் உள்ள இடத்தில், தண்ணீர் தேங்காத மேட்டில், உப்புத் தண்ணீர் பாயாத பக்கம் வைப்பதானால் சரி என்றேன். வல்லத்து வெயிலுக்கு 80 மரம் என்பது நோய் இல்லாவிட்டாலும் எனக்கு ஒப்பவில்லை, அதையும் சொன்னேன். தடியன்குடிசைக்கோ, குடகில் அர்கா சுப்ரீம் ரகம் தந்த செட்டள்ளி தோட்டக்கலைப் பரிசோதனை நிலையத்துக்கோ நேரில் போய், தாய்மரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குவது என்று முடிவாயிற்று. அந்த ஏழு வருஷ மரத்தின் கொட்டையை யாருக்கும் கொடுக்கவேண்டாம், அதிலிருந்து ஒட்டுக்குச்சியும் எடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். என் கண்ணுக்கு நல்ல மரம்தான், ஆனால் என் கண்ணை வைத்துத்தானே அன்றைக்குக் கரணை வெட்டச் சொன்னேன்! அடுத்த காய்ப்பில் நிழல் பக்கக் காயில் வரி விழுந்தால், பல கிளைகளிலிருந்து இலை பறித்துத் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

"காய்க்கு வெயில் படாம இன்னா பண்றது சார்?" என்று கடைசியாகக் கேட்டார்.

மேற்குப் பக்கம் தென்னங்கீற்று கட்டுங்கள், அடிமரத்துக்கு நீர்த்த சுண்ணாம்பு அடியுங்கள், தூரைச் சுற்றி மணிலாத் தோலை மூடாக்காகப் போடுங்கள், ஆனால் அடிமரத்தை ஒட்டிக் குவிக்காதீர்கள் என்றேன். அவர் எழுதிக்கொள்வதற்குள் திண்டிவனம் பஸ் வந்துவிட்டது. மூடாக்குப் பற்றி மறுபடி போனில் கேட்டார், பஸ் சத்தத்தில் இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது.